நெட்டையா இருக்கறவங்களுக்கு எஸ்யூவி சீட்: எங்க இடிக்குது, எங்க வலிக்குதுன்னு பாத்து சரி பண்றது

எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன காலத்துல உயரமா இருந்தா லாபமாம், உயர வெட்டுக்கு ஏணி தூக்காம சமாளிக்கலாம்னு கங்காணி அவரத்தான் மொதல்ல கூப்பிடுவாராம். அந்த உயரம் எனக்கும் வந்துச்சு, 6 அடி 2 அங்குலம், ஆனா லாபம் மட்டும் வரல. காடில (கார்ல) ஏறுனா முழங்கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

இங்க மலேசியா பேராக்ல, சுங்கை சிப்புட்ல மச்சானோட காடி ஆக்சசரி கடை இருக்கு, சனி ஞாயிறு நான் அங்க நிப்பேன். "அண்ணே எஸ்யூவி வாங்குனா வசதியா இருக்கும்னு சொன்னாங்க, இப்ப இடுப்பு போச்சு, நல்ல குஷனா ஒன்னு குடுங்க"ன்னு மாசத்துக்கு நாலஞ்சு பேராவது வருவாங்க, எல்லாம் என் உயரம். சீட்ல உக்கார வெச்சு பாத்தா அதுல பாதி பேருக்கு குஷனே தேவப்படாது. மச்சானுக்கு இதுல என் மேல கொஞ்சம் கோவம், இருந்தாலும் வந்தவங்கள ஏமாத்த முடியுமா.

எல்லாரும் செய்ற தப்பு ஒன்னுதான். உயரமா இருக்கோம்னு சீட்ட அடி மட்டத்துக்கு எறக்குவாங்க, கடைசி பல்லு வரைக்கும் பின்னால தள்ளுவாங்க, சாய்மானத்த படுக்க வெப்பாங்க. சின்ன செடான் காடில அது வேற வழி இல்லாம செய்றது. எஸ்யூவில தலைக்கு மேல எடம் இருக்கு, அந்த எடத்துக்குத்தான காசு குடுத்தீங்க, அத விட்டுட்டு தரையோட ஒட்டி உக்காந்தா எப்படி.

எந்த கோளாறா இருந்தாலும் மொதல்ல இத செய்ங்க

காடிய சமமான எடத்துல நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்க. பின் பாக்கெட்ல இருக்கற பர்ஸ், ஃபோன் எல்லாத்தையும் வெளிய எடுங்க. தினமும் எத போட்டு ஓட்டறீங்களோ அதையே போட்டுக்குங்க, தோட்டத்து வேலைக்கு பூட்ஸ் போட்டு ஓட்டற ஆளு கடைக்கு சிலிப்பர் போட்டு வந்து சீட் அட்ஜஸ்ட் பண்ணா அடுத்த நாளே மாறிடும்.

இப்ப சீட் உயரத்த தூக்குங்க, தலைக்கும் கூரைக்கும் நடுவுல ஒரு முஷ்டி அளவு எடம் மிச்சம் இருக்கற வரைக்கும். பக்கவாட்டுல இருக்கற நீள லீவர ஒரு தடவ இழுத்துட்டு வேல செய்யலன்னு சொல்றாங்க, அது பம்பு மாதிரி, திரும்ப திரும்ப இழுக்கணும், எறக்கறதுக்கும் அப்படியே அமுக்கணும். அப்பறம் இன்ஜின ஸ்டார்ட் பண்ணி பிரேக்க முழுசா அழுத்துங்க, அப்பவும் முழங்கால் லேசா மடங்கி இருக்கற தூரத்துல சீட்ட நிறுத்துங்க. நெறைய காடில சீட்ட தூக்குனா கூடவே கொஞ்சம் முன்னாலயும் வரும், அதனால உயரம் மொதல்ல, தூரம் ரெண்டாவது. சாய்மானம் மூணாவது, ஸ்டியரிங் நாலாவது. கண்ணாடி, பெல்ட், ஹெட்ரெஸ்ட் எல்லாம் கடைசி.

இத செஞ்சும் சரியா வரலன்னா கீழ உங்க கோளாறு எதுன்னு தேடிக்குங்க.

முழங்கால் ஸ்டியரிங்லயோ டேஷ்போர்டுலயோ இடிக்குது

சீட்ட அடி மட்டத்துல வெச்சா முழங்கால் இடுப்புக்கு மேல தூக்கிக்கும், அதான் போய் இடிக்குது. சீட்ட ரெண்டு மூணு பம்பு தூக்குங்க, கால் கீழ நோக்கி எறங்கும், முழங்காலும் எறங்கும். கூடவே ஸ்டியரிங்க மேல தூக்குங்க, தொடைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல ஒரு கை தாராளமா போய் வரணும்.

அடுத்தது, சீட் நெசமாவே கடைசி வரைக்கும் பின்னால போகுதான்னு பாருங்க. சிரிக்காதீங்க, இது ரொம்ப சாதாரணமா நடக்கறது. போன வருஷம் ஒரு தம்பி வந்தான், காடி ரொம்ப சின்னதா இருக்கு விக்கப் போறேன்னு சொல்லிட்டு இருந்தான், டார்ச் அடிச்சு பாத்தா சீட் தண்டவாளத்துல பிள்ளையோட பிளாஸ்டிக் டைனோசர் ஒன்னு, அதுக்கு பின்னால டோல் கட்டற டச் அண்ட் கோ கார்டு, இருபது காசு மூணு. டைனோசர எடுத்ததும் சீட் இன்னும் நாலு விரல் கட்டை பின்னால போச்சு. சுருள் சுருளா இருக்கற காயில் மேட் மடங்கி போய் தண்டவாளத்துல மாட்டறதும் உண்டு. பின் சீட்டுக்கு கீழ குடை, தண்ணி பாட்டில், கோயில் பிரசாத பாத்திரம் இதெல்லாம் உருண்டு வந்து தடுக்கும், நல்லா குனிஞ்சு பாருங்க.

சாவி போட்டு திருகற பழைய காடியா இருந்தா சாவிக்கொத்து. வீட்டு சாவி, கேட்டு சாவி, மோட்டார் சாவி எல்லாம் ஒரே வளையத்துல கோத்து வெச்சு அது முழங்கால்ல அடிச்சிட்டே இருக்கும். கழட்டிடுங்க.

இடிக்கறது நடு கன்சோல்லயோ கதவுலயோன்னா அது வேற விஷயம், இடது முழங்கால் கன்சோல்ல சாயறது, வலது முழங்கால் கதவு பாக்கெட்ல படறது. ஒட்டற மாதிரி மெத்து பேட் கிடைக்கும், அத ஒட்டிக்கலாம். டேஷ்போர்டுக்கு கீழ முழங்கால் பக்கம் ஏர்பேக்னு எழுதியிருந்தா அந்த எடத்துல மட்டும் எதையும் ஒட்டாதீங்க.

இதுக்கு மேல சில பேர் கேக்கறது, சீட் காலுக்கு இரும்பு பட்டை போட்டு பின்னால தள்ளி வெல்டிங் பண்ணித்தர முடியுமான்னு. நாங்க செய்ய மாட்டோம். ஆக்சிடென்ட்ல உங்க முழு எடையும் அந்த நாலு போல்ட்லதான் நிக்குது. நாளைக்கு இன்சூரன்ஸ் காரன் கேட்டா பதில் சொல்லவும் முடியாது. அந்த அளவுக்கு எடம் பத்தலன்னா அது உங்களுக்கான காடி இல்ல.

காலுக்கு சரியா வெச்சா கை எட்டல, கைக்கு சரியா வெச்சா கால் மடங்குது

உயரமான ஆளுங்களோட உண்மையான பிரச்சன இதான், மத்ததெல்லாம் இதுல இருந்து வர்றதுதான். தோள் வலி, கழுத்து வலின்னு சொல்லிட்டு வர்றவங்கள உக்கார வெச்சு பாத்தா தோள் சாய்மானத்த விட்டு எழும்பி, முன்னால குனிஞ்சு ஸ்டியரிங்க பிடிச்சிட்டு இருப்பாங்க.

சோதனை சுலபம். முதுகு முழுசா சாய்மானத்துல ஒட்டியிருக்க, கைய நீட்டி மணிக்கட்ட ஸ்டியரிங்கோட உச்சில வைங்க. தோள் எழும்பாம மணிக்கட்டு உக்காந்துச்சுன்னா சரி. விரல் நுனி மட்டும்தான் எட்டுதுன்னா தூரம்.

மொதல்ல ஸ்டியரிங் கம்பத்துக்கு அடில கைய விட்டு லீவர கண்டுபிடிங்க. லீவர தளத்தி மேல கீழ மட்டும் ஆட்டி பாத்துட்டு விட்டுடறாங்க, உங்க பக்கமா இழுத்தும் பாருங்க. ப்ரோட்டான் எக்ஸ்70, ஹோண்டா எச்ஆர்வி மாதிரி காடில ஸ்டியரிங் வெளிய இழுத்தா வரும். எக்ஸ்70 வெச்சிருக்கற ஒரு ஐயா, பள்ளிக்கூடத்து வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, மூணு வருஷமா ஓட்டறாரு, ஸ்டியரிங் வெளிய வரும்னே அவருக்கு தெரியல, இழுத்து காட்டுனதும் ஐயா மொகத்த பாக்கணுமே. இழுத்ததுக்கு அப்பறம் லீவர திரும்ப அழுத்தி பூட்டிட்டு ஸ்டியரிங்க ஆட்டி பாருங்க, அசைய கூடாது. ஓட்டிட்டு இருக்கச்சொல்ல இத தொடவே தொடாதீங்க.

இழுத்தா வராத காடியா இருந்தா? 2019ல வந்த பெரோடுவா அருஸ், 2021ல வந்த அட்டிவா ரெண்டுலயும் ஸ்டியரிங் மேல கீழ மட்டும்தான், நம்ம ஊர்ல அதுதான் நெறைய ஓடுது. இங்கதான் சாய்மானம் கை குடுக்கும். சாய்மானத்த ஒவ்வொரு பல்லா நிமித்துங்க, அப்ப இடுப்பு நகராம தோள் மட்டும் முன்னால வரும். சீட்ட இன்னும் கொஞ்சம் தூக்குங்க, கால் கீழ எறங்குன அளவுக்கு சீட்ட ஒரு பல்லு முன்னால கொண்டு வரலாம், முழங்கால் இடிக்காது. ஸ்டியரிங்க ரொம்ப மேல வெச்சிருந்தா கொஞ்சம் எறக்கி பாருங்க, கை தொங்கலா விழும், தோள் சுமை கொறையும். நாற்காலில உக்கார்ற மாதிரி நிமிந்து இருக்கும், மொத ரெண்டு நாள் "என்னடா லாரி ஓட்டற மாதிரி இருக்கு"ன்னு தோணும். இருக்கட்டும். ஒரு வாரம் ஓட்டிட்டு வந்து சொல்லுங்க.

முன்னால வர்றதுக்கும் எல்லை இருக்கு, நெஞ்சு எலும்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டராவது இருக்கணும், ஏர்பேக் வெடிக்கறதுக்கு அந்த எடம் வேணும். ஸ்கூல் ஸ்கேல் 30 சென்டி இருக்கும், அத வெச்சு பாத்துக்கலாம்.

ஸ்டியரிங்க கழட்டி பாஸ் கிட் (வேற ஸ்டியரிங் மாட்டறதுக்கான அடாப்டர்) போட்டு ரேசிங் ஸ்டியரிங் மாட்டுனா கிட்ட வரும்னு ஐடியா குடுக்கற ஆளுங்க ஊருக்கு ஒருத்தர் இருக்காங்க. கழட்டுறப்ப ஏர்பேக்கும் போயிடும். வேணாம்.

ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் மாதிரி லேடர் சேசிஸ் (ஏணி மாதிரி இரும்பு சட்டத்து மேல பாடி உக்கார்ற) வண்டி ஓட்டறவங்களுக்கு ஒரு வார்த்த. வெளிய பாக்க அவ்ளோ பெருசு, உள்ள தரை மேல ஏறி இருக்கும், அதனால கால் கீழ தொங்காம முன்னால நீண்டுதான் இருக்கும். உங்களுக்கு நான் சொன்ன தூக்கற வேல ரொம்ப முக்கியம்.

தலை கூரைல படுது

மொத சந்தேகம் மணி சீட். மரமணி கோத்த அந்த விரிப்பு, இல்லன்னா தடியான லெதர் கவர், அதுக்கு மேல ஒரு ஜெல் குஷன். எல்லாத்தையும் தூக்கிட்டு உக்காந்து பாருங்க, ரெண்டு மூணு சென்டி எறங்கிடுவீங்க. நான் குஷன் விக்கற கடைல நின்னுக்கிட்டு இத சொல்றேன்.

அப்பறம் சீட்ட ஒவ்வொரு பம்பா எறக்குங்க, முஷ்டி போற அளவு வந்ததும் நிறுத்திடுங்க, அடி மட்டம் வரைக்கும் போகாதீங்க. எறக்கியும் பத்தலன்னா சாய்மானத்த ஒரே ஒரு பல்லு சாயுங்க. அதுக்கு மேல சாச்சா மேல சொன்ன கை எட்டாத பிரச்சன திரும்ப வந்துடும்.

சன்ரூஃப் இருக்கற மாடல்ல கூரை உள்பக்கம் கீழ எறங்கிதான் இருக்கும். அதே காடி சன்ரூஃப் இல்லாம கிடைச்சா உயரமான ஆளு அத வாங்கறது புத்திசாலித்தனம், காசும் மிச்சம், இந்த வெயில்ல யாரு கூரைய தொறந்து வெச்சிட்டு ஓட்டப் போறாங்க.

கடைசி வழி, காசு செலவாகற வழி, சீட் தைக்கற குஷன் கடைல சீட் ஸ்பாஞ்ச ரெண்டு மூணு சென்டி செதுக்கறது. நல்ல கைவேலக்காரர்கிட்ட குடுத்தா அருமையா வரும், மோசமான ஆள்கிட்ட குடுத்தா ரெண்டு மாசத்துல இரும்பு கம்பி குத்தும். சீட்ட வெளிய எடுக்கற வேல இது, சீட்டுக்கு அடில மஞ்சள் கலர் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக், பெல்ட் சம்பந்தப்பட்ட ஒயரு. பேட்டரிய கழட்டிட்டு மேனுவல்ல போட்டிருக்கற நேரம் காத்திருந்துதான் அத தொடணும். சாய்மானத்தோட ஓரத்துல ஏர்பேக்னு சின்ன லேபல் இருந்தா அந்த பக்கத்து தையல் வெடிக்கச்சொல்ல கிழியற மாதிரி தச்சது, அத பிரிச்சு கெட்டியா தைக்க கூடாது, சாதாரண கவர் போட்டு மூடவும் கூடாது. கடைக்காரருக்கு இது தெரியலன்னா காடிய திருப்பிக்கிட்டு வந்துடுங்க.

ஒரு மணி நேரத்துல இடுப்பு வலி ஆரம்பிக்குது

பர்ஸ். பின் பாக்கெட்ல தடியா பர்ஸ் வெச்சு உக்காந்தா ஒரு பக்க இடுப்பு தூக்கிக்கும், முதுகெலும்பு வளஞ்சு, பின்புறத்துல ஓடற நரம்பும் அழுந்தும். ஒரு அண்ணன் தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை போயிட்டு வந்து வலது கால் முழுக்க இழுக்குதுன்னு தைலமா தேச்சிட்டு இருந்தாரு, பர்ஸ கன்சோல்ல வைக்க சொன்னேன், அவ்ளோதான், தைலம் நின்னுடுச்சு.

பர்ஸ் இல்லன்னா உக்கார்ற விதம். சீட் நுனில உக்காந்துட்டு அப்பறம் பின்னால சாயறாங்க, அதனால இடுப்புக்கும் சாய்மானத்துக்கும் நடுவுல ஒரு பொந்து. உக்காரச்சொல்ல மொதல்ல பின்புறத்த மூலைல தள்ளி உக்காந்து, அப்பறம் முதுக சாய்ங்க. லம்பார் லீவர் (இடுப்பு தாங்கல் லீவர்) இருந்தா கொஞ்சமா வெளிய தள்ளுங்க, பெல்ட்டு கட்டற எடத்துக்கு சரியா பின்னால தாங்கணும். லீவர் இல்லாத காடில கை துண்ட சுருட்டி அந்த எடத்துல வெச்சு ஒரு வாரம் ஓட்டி பாருங்க. துண்டு வேல செஞ்சா அப்பறம் கடைக்கு வந்து குஷன் வாங்குங்க, மச்சான் சந்தோஷப்படுவாரு. துண்டு சரிப்படலன்னா குஷனும் சரிப்படாது.

பத்து வருஷ காடியா இருந்தா ஸ்பாஞ்ச் ஒரு பக்கம் அமுங்கி போயிருக்கும், ஏறி எறங்கற கதவு பக்கம்தான் மொதல்ல போகும். கைய வெச்சு ரெண்டு பக்கமும் அழுத்தி பாத்தா தெரியும். அதுக்கு குஷன் கடைதான், சில நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆகும், ஆனா புது காடி மாதிரி இருக்கும்.

எவ்ளோ நல்லா உக்காந்தாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ எறங்கி நடங்க. நெடுஞ்சாலைல சுங்கை பேராக் ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்துல ஒரு தே தாரிக் (டீ) அடிச்சிட்டு கால நீட்டி மடக்குனா போதும்.

டாக்டர்கிட்ட போற கட்டம் எதுன்னா, காடிய விட்டு எறங்கி வெகு நேரம் ஆகியும் கால் மரப்பு போகலன்னா, பாதத்த தூக்க பலம் இல்லன்னா, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சா. இடுப்பு வலியோட ஒண்ணுக்கு போறதுல அடக்க முடியாம போனாலோ, தொடை நடுவுல உணர்வு கொறஞ்சாலோ கிளினிக் வேணாம், நேரா ஆஸ்பத்திரி அவசர பிரிவு.

தொடை மரத்து போகுது, கணுக்கால் வலிக்குது

சின்ன எஸ்யூவில சீட்டோட உக்கார்ற பாகம் நீளம் கம்மி, நம்ம தொடைக்கு பாதி தூரம்தான் தாங்கும். சீட்ட எறக்கி வெச்சா அந்த பாதியும் தொடைய தொடாது, எடை முழுக்க பின்புறத்துலயே நிக்கும். மறுபடியும் தூக்குங்கன்னுதான் சொல்லுவேன். ஆனா அளவா, சீட் நுனிக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் போகணும், நுனி தொடைய வெட்டுனா அதுவும் மரத்து போகும்.

கணுக்காலுக்கு தரைய பாருங்க. ஒரிஜினல் கார்பெட்டு, அதுக்கு மேல ரப்பர் மேட்டு, அதுக்கு மேல காயில் மேட்டு, மழைக்காலத்து செம்மண்ணுக்கு பயந்து மூணு அடுக்கு. குதிகால் மேல வந்து பாதம் செங்குத்தா நிக்குது. ஒன்னு போதும், அதையும் கொக்கில மாட்டி வைங்க. அடுக்கி போட்ட மேட்டு நழுவி பெடலுக்கு அடில போனா கணுக்கால் வலி எல்லாம் ஒன்னுமே இல்ல.

சிக்னல் தெரியல, நடு கண்ணாடி கண்ண மறைக்குது

சீட்ட தூக்குன புண்ணியத்துல வர்ற கோளாறு இது, ஒத்துக்கறேன். நடு கண்ணாடிய தண்டோட மேல தள்ளுங்க, முடிஞ்ச வரைக்கும். டேஷ்கேம கண்ணாடிக்கு பின்னால இடது பக்கம் நகத்துங்க. கண்ணாடில தொங்கற வேல், மணி, காஞ்சு போன மல்லிப்பூ எல்லாத்தையும் டேஷ்போர்டு சாமிகிட்ட எறக்கி வெச்சிடுங்க, முருகன் ஒன்னும் நெனச்சுக்க மாட்டாரு. சிக்னல்ல கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னாடியே நிறுத்துனா லைட்டு தெரியும். இதெல்லாம் செஞ்சும் கூரை விளிம்பு கண்ணு மட்டத்துக்கு வந்தா ஒரு பம்பு எறக்கிக்குங்க.

பெல்ட் தோள்ல நிக்கல, ஹெட்ரெஸ்ட் பிடரில குத்துது

கதவு தூண்ல பெல்ட் வர்ற எடத்துல பொத்தான் இருந்தா அழுத்தி மேல தள்ளுங்க. சில காடில அது கிடையாது, அப்ப சீட் உயரத்த ஒரு பம்பு மாத்தி பாருங்க. பெல்ட் கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவுல ஓடணும். பெல்ட்ட தளத்தி வெக்கற கிளிப் விக்கறாங்க, நாங்க அத எடுத்து வெக்கறதே இல்ல.

ஹெட்ரெஸ்ட் தண்டுல இருக்கற பொத்தான அழுத்தி தூக்குங்க, மேல் விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வந்தா நல்லது, கொறஞ்சது காது மேல் நுனிக்காவது வரணும். பிடரிலயே நின்னா பின்னால இருந்து ஒருத்தன் இடிச்சா தலை அதுக்கு மேல போய் மடங்கும்.

பிரேக் அடிச்சா சீட் நகருது, ஆடுது, தானா எறங்குது

இது உக்கார்ற விஷயமே இல்ல, கோளாறு. சீட்டுக்கு அடில முன்னால இருக்கற, சீட்ட நகத்தற கம்பிய விட்டதும் உடம்ப முன்னும் பின்னும் ஆட்டுங்க, ரெண்டு பக்கமும் டக்குனு பூட்டணும். ஒரு பக்கம் மட்டும் பூட்டுதுன்னா தண்டவாளத்துல குப்ப இருக்கலாம், வேக்கும் வெச்சு இழுத்து பாருங்க. சுத்தமா இருந்தும் பூட்டலன்னா, போல்ட் லூசா இருந்தா, உயர லீவர் பிடிக்காம சீட் தானா எறங்குனா, இல்ல சீட்டுக்கு அடில கைய விட்டதுக்கு அப்பறம் மீட்டர்ல ஏர்பேக் லைட்டு எரிஞ்சா, அந்த காடிய ஓட்டாதீங்க. சீட்டு போல்ட்ட சும்மா கை பலத்துல முறுக்க கூடாது, அதுக்குன்னு டார்க் (முறுக்கு விசை) அளவு இருக்கு. எங்க கடைக்கும் கொண்டு வர வேணாம், எங்ககிட்ட அதுக்கு ஸ்கேன் மிஷின் கிடையாது. வாரண்டி இருந்தா சர்வீஸ் சென்டர், இல்லன்னா ஏர்பேக் வேல தெரிஞ்ச ஒர்க்‌ஷாப், அங்க வரைக்கும் தோ டிரக்ல ஏத்தி அனுப்புங்க.